வீடு பழுது, கையில் காசில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த வீடு இருக்கிறது, ஆனால் மாடி ஒழுகுகிறது, சீலிங்கில் கம்பி தெரிகிறது, மேஸ்திரி சொல்லும் தொகையைக் கேட்டால் தூக்கம் போகிறது. தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதியது இது. முப்பது நாற்பது வருடத் தளம் போட்ட வீடு, ஓட்டு வீடு, தொகுப்பு வீடு, வாரியக் குடியிருப்பு என எல்லாவற்றையும் மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மேஸ்திரி நாலு லட்சம் என்கிறார். என்னிடம் இருப்பது நாற்பதாயிரம். எங்கிருந்து தொடங்குவது?

அந்த நாலு லட்சத்தை உடைப்பதில் இருந்து. மேஸ்திரி சொல்வது பெரும்பாலும் மொத்த வீட்டையும் புதுசாக்கும் கணக்கு. தளம், பூச்சு, பாத்ரூம் டைல்ஸ், புட்டி, பெயின்ட், ஜன்னல் கிரில் எல்லாம் அதற்குள் இருக்கும். அவரிடமே மூன்று பட்டியலாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தலையில் விழக்கூடியது முதல் பட்டியல். தண்ணீரையும் மின்கசிவையும் உள்ளே விடுவது இரண்டாவது. பார்க்க நன்றாக இல்லாதது மூன்றாவது. மூன்றாவது பட்டியலை மடித்து பீரோவில் வைத்துவிடலாம்; பத்து வருடம் கழித்து எடுத்தாலும் வீடு நிற்கும்.

அப்புறம், வேலை எடுக்கப் போகிறவரிடமே நோயையும் கேட்டு மருந்தையும் கேட்காதீர்கள். பணி ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் கேட்டாலும் யாராவது கிடைக்கலாம். ஒரு முறை வந்து பார்ப்பதற்கு அவர் வாங்கும் தொகை, தேவையில்லாமல் மாற்றும் ஒரு அறை டைல்ஸ் விலைகூட இருக்காது. கையில் உள்ள நாற்பதாயிரத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

எது உண்மையிலேயே ஆபத்து, எது பார்க்க மட்டும் பயமாக இருக்கிறது?

பூச்சில் முடி போல ஓடும் விரிசல்களுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். சிமெண்ட் உலரும்போதே வருபவை அவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும் வெடிப்பு, ஒரு நாணயம் நுழையும் அளவு அகலமான வெடிப்பு ஆகியவை அஸ்திவாரம் எங்கோ இறங்குகிறது என்பதைச் சொல்லலாம்.

இறக்கம் நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்று பார்க்க ஒரு மலிவான வழி இருக்கிறது. வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்க் கண்ணாடி முழுசாக இருந்தால், அந்த வெடிப்பு பழைய கதை, அடைத்துவிட்டுப் போகலாம். கண்ணாடி உடைந்தால் பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

உடனடியாகக் கவனிக்க வேண்டியவை வேறு. தூணிலோ பீமிலோ நீளவாக்கில் வெடித்துக் கம்பி தெரிவது, தளம் நடுவில் தொய்ந்திருப்பது, நேற்று வரை சரியாக மூடிய கதவு திடீரென்று நிலையில் இடிப்பது, சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் அசைவது. 2021 டிசம்பரில் சென்னை திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. விரிசல் உங்கள் கண் முன்னால் பெரிதாகிறது, உள்ளே படபடவென்று சத்தம் கேட்கிறது என்றால் சாமான் எடுக்க நிற்காதீர்கள்.

பணம் சேரும் வரை செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பாரத்தைக் குறையுங்கள். ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். அது பலவீனமான தளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தால், கீழே சுவர் வரும் இடத்துக்கு மேலே நகர்த்துங்கள். முடியாவிட்டால் பாதி மட்டும் நிரப்புங்கள். மாடியில் கிடக்கும் செங்கல், மணல் மூட்டை, மண் தொட்டிகள் எல்லாம் இறங்கட்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு எடுங்கள். மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இன்னும் தடிமனாக வரும்.

தளம் தொய்ந்த அறையில் படுக்க வேண்டாம். முட்டுக் கொடுக்க இரும்பு ஜாக்கிகள் சென்ட்ரிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். சவுக்குக் கம்பும் ஆகும். முட்டுகளை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் தெரிந்தவர் சொல்லட்டும். தப்பான இடத்தில் இறுக்கிக் கொடுத்த முட்டு தளத்தையே உடைக்கும்.

மின்சாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஈரச் சுவரில் கை வைத்தால் சுர்ரென்கிறது என்றால் அந்த லைனை இன்றே துண்டிக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவில் தானாக நிற்கும் பாதுகாப்பு சுவிட்சை மெயினில் போடுவது, இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லாச் செலவுகளிலும் அதிகப் பயன் தரும் செலவு என்பது என் கருத்து.

சீலிங்கில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் போதுமா?

போதாது. ஆனால் பலரும் செய்வது அதுதான். அடுத்த ஐப்பசிக்குள் பூச்சு பாளமாக விழும்.

நடப்பது இதுதான். மாடியில் தேங்கும் தண்ணீர் தளத்துக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் கம்பி பருத்து, கீழேயுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. கீழே பூசுவது இதில் எதையும் நிறுத்துவதில்லை. வேலை மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சித்திரை வெயிலிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால் அது மழையல்ல. மேல்வீட்டு பாத்ரூமோ, சுவருக்குள் ஓடும் குழாயோதான். மழைக்கு மட்டும் ஒழுகினால், மழை விட்டதும் மாடிக்குப் போய்த் தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். காய்ந்த பிறகு அந்தக் கோட்டுக்குள்தான் மாடியில் பதித்த தட்டோடு (தட்டையான ஓடு) எழும்பியிருக்கும், அல்லது ஓடுகளுக்கு இடையே உள்ள சாந்து போயிருக்கும். பல வீடுகளில் மொத்த மாடியையும் பெயர்க்கத் தேவையே இருக்காது. மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலை அடைத்திருக்கும், அந்த மூலையில் வாட்டமும் கெட்டிருக்கும். அதைச் சரிசெய்து, அந்தப் பகுதியில் மட்டும் ஓடுகளை மாற்றி இடுக்கை அடைத்தால் போதும்.

மேலே காய்ந்த பிறகு கீழே வாருங்கள். சுத்தியல் பிடியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், பெயர்ந்த இடம் பொத் என்று கேட்கும். பொத் என்ற இடத்தையெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகே பாலிமர் கலந்த சாந்து வைக்க வேண்டும். தேய்த்த பிறகு கம்பி பாதியாக மெலிந்து தெரிந்தால் பூச்சு வேலையோடு விடாதீர்கள்; புதுக் கம்பி சேர்க்க வேண்டுமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும்.

இதை அறை அறையாகச் செய்யலாம். ஒரு பொங்கலுக்குப் பிறகு மாடி, அடுத்த பொங்கலுக்குப் பிறகு படுக்கையறை என்று இரண்டு மூன்று வருடத்தில் முடித்தவர்கள் நிறையப் பேர். தை முதல் ஆனி வரை மாடி வேலைக்கு நல்ல காலம். புரட்டாசியில் தொடங்கும் மாடி வேலை பாதியில் மழையில் மாட்டும்.

மாடி மேல் தகர ஷீட் போட்டால் பிரச்சினை தீராதா?

ஒழுகல் தீரும். வெயிலும் குறையும், துணி காயப்போடவும் இடம் கிடைக்கும். மாடியை முழுதாகப் பெயர்த்துப் போடப் பணமில்லாதவர்களுக்கு நல்ல இடைக்கால வழிதான். ஆனால் ஏற்கெனவே துருப்பிடித்த கம்பியை ஷீட் குணப்படுத்தாது. காற்றுக்கு அது பறக்காமல் இருக்க, குழாய்த் தூண்களை உறுதியான இடத்தில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். தொங்கும் கைப்பிடிச் சுவரில் நட்டுவைத்த ஷீட் புயலன்று அந்தச் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

எங்களுடையது ஓட்டு வீடு. இடித்துவிட்டுத் தளம் போடு என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். பழுதுபார்க்க ஓட்டு வீடு மாதிரி சுலபமான வீடு கிடையாது. ஓடுகளைப் பிரித்து, ஸ்க்ரூடிரைவரால் சட்டத்தையும், ஓடு உட்காரும் மெல்லிய மரப்பட்டையான ரீப்பரையும் குத்திப் பாருங்கள். உள்ளே போகிற இடம் கரையான் தின்றது. அதை மட்டும் மாற்றி மறுபடி மேயலாம். நல்ல ஓடுகளைத் திரும்பப் பயன்படுத்தலாம். சீமை ஓடு, பழைய கட்டிடம் இடிக்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும். முழுக் கூரையையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டியதில்லை. தாழ்வாரம் ஒரு வருடம், கூடம் ஒரு வருடம் என்று பிரித்துச் செய்யலாம்.

மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டில் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற முடியாமல் சுவருக்குள் தங்கி, பூச்சோடு சுவரும் பெயரும்.

பழைய தூண், தேக்குக் கதவுக்கு ஆள் கேட்டு வருகிறார்கள். விற்று ரிப்பேர் செய்யலாமா?

செய்யலாம், இது பலர் யோசிக்காத பணம். ஆனால் முதலில் கேட்டு வருகிறவருக்கே கொடுக்காமல், இரண்டு பழைய மரக்கடைகளில் விலை விசாரியுங்கள். பயன்படாத ஊஞ்சல் பலகை, பரணில் கிடக்கும் கதவு, உபயோகமில்லாத கட்டிலெல்லாம் போகட்டும். பாரம் தாங்கி நிற்கும் தூணுக்கும் உத்திரத்துக்கும் மட்டும் விலை பேசாதீர்கள்.

ரிப்பேருக்கு அரசு பணம் தருமா?

இங்கேதான் ஏமாற்றம் அதிகம், ஆகவே நேராகச் சொல்கிறேன். பெயர் தெரிந்த பெரிய திட்டங்கள் பெரும்பாலும் வீடே இல்லாதவர்களுக்கும் குடிசையில் இருப்பவர்களுக்கும் ஆனவை. கலைஞர் கனவு இல்லம் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் புது வீடு கட்ட 3.5 லட்சம் தருவது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் அதே வகை. நகரத்துக்கான பிரதமர் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆனால் அது நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாத குடும்பம் வீடு வாங்கவோ கட்டவோதான். ஒழுகினாலும் உங்கள் தளம் போட்ட வீடு பக்கா வீடுதான்.

விதிவிலக்கு, கிராமத்துத் தொகுப்பு வீடுகள். இந்திரா நினைவு குடியிருப்பு போன்ற அரசுத் திட்டங்களில் 2001க்கு முன் கட்டிய சுமார் இரண்டரை லட்சம் வீடுகளைச் சுமார் 2,000 கோடியில் பழுதுபார்ப்பதாக 2024 ஜூனில் மாநில அரசு அறிவித்தது. பழுதுபார்க்கவே முடியாத நிலையில் உள்ளவற்றை இடித்துக் கட்ட, 2025-26 நிதிநிலை அறிக்கையில் 25,000 வீடுகளுக்கு 600 கோடி ஒதுக்கியது, வீட்டுக்கு 2.40 லட்சம் வீதம். உங்கள் வீடு அந்த வகை என்றால் ஊராட்சி செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கும் பதில் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாள் இருக்கிறது. மனுவோடு வீட்டின் நான்கு போட்டோ, ஒதுக்கீட்டு ஆணை அல்லது பட்டா நகல், ரேஷன் கார்டு நகல் வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

விண்ணப்பத்துக்கு ஐயாயிரம் கொடு, பட்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள்.

புயலில், மழையில் இடிந்தால்?

அது பேரிடர் நிவாரணக் கணக்கு. அன்றே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி, முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1.20 லட்சம், பகுதி சேதமான பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய். பகுதி சேதத் தொகை எதற்கும் பத்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பதிவு ஆவது முக்கியம், பின்னால் எந்த மனுவுக்கும் அது சான்று.

காப்பீடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி, தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு ஆனது. வயதாகி உதிரும் வீட்டுக்குப் பணம் தராது.

எந்தக் கடன் வாங்கலாம்?

முதலில் எதை வாங்கக் கூடாது என்று பார்ப்போம். மூன்று லட்சத்தை ‘மூணு வட்டி’க்கு வாங்கினால் மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். அதே மூன்று லட்சம் ஆண்டுக்குப் பத்தரை சதவீதத்தில் ஐந்து வருட வங்கிக் கடன் என்றால், மாதத் தவணை சுமார் 6,450. ஐந்து வருடத்தில் அசலும் முடிந்துவிடும். பதினாறு சதவீத பர்சனல் லோன் என்றால் சுமார் 7,300. அதாவது வெளியில் வட்டி மட்டும் கட்டுகிறவர், வங்கியில் வட்டியும் அசலும் கட்டுகிறவரைவிட அதிகம் கட்டுகிறார். ‘பேங்கில் அலைய முடியாது’ என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டமே இருக்கிறது; வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டுக் கடன் ஓடுகிறதென்றால் அதே வங்கியில் டாப்-அப், அதாவது அதன் மேலேயே கூடுதல் கடன், கேளுங்கள். பர்சனல் லோனைவிட வட்டி குறைவாக இருக்கும். கடனே இல்லாத வீடு என்றால் வீட்டைப் பழுதுபார்க்கவென்றே தனிக் கடன் உண்டு. மதிப்பீடும் பத்திரமும் கேட்பார்கள்.

நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகளில், இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதமும், ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் வரம்பு. மொத்தமாகத் திருப்பும் வகையில் வாங்கினால் முதிர்வு வரைக்குமான வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும், ஆகவே கைக்கு வருவது கொஞ்சம் குறையும். அந்த வகைக் கடன் பன்னிரண்டு மாதத்தில் முடிய வேண்டியது. வருடத்துக்குள் திருப்ப வழி தெரியாவிட்டால் மாதத் தவணை வகையைக் கேளுங்கள். ரிப்பேர் முடிந்து நகை ஏலத்துக்குப் போன வீடுகள் உண்டு.

மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், மாடி ஒழுகலை அடைக்கும் அளவு சிறு வேலைக்குச் சரியாக இருக்கும். சீட்டு போட்டிருந்தால், பதிவு செய்த சீட்டா என்று பார்த்துக்கொண்டு ஏலம் எடுக்கலாம்.

பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

எடுக்கலாம், திருப்பிக் கட்டவும் வேண்டாம். பழைய விதி: வீடு கட்டி முடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தால், பழுதுபார்க்கப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அளவுக்கு, உங்கள் பங்கிலிருந்து எடுக்கலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் அறங்காவலர் வாரியம் இந்த விதிகளைச் சுருக்கி, பன்னிரண்டு மாதச் சேவை இருந்தால் போதும், கணக்கில் கால் பங்கு எப்போதும் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும்போது இணையதளம் காட்டும் தகுதித் தொகைதான் கடைசி வார்த்தை. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இதை மொத்தமாக உறிஞ்ச வேண்டாம் என்பேன். கம்பி தெரிகிற தளத்துக்கு எடுங்கள், மாடுலர் கிச்சனுக்கு எடுக்காதீர்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

பணம் இல்லை என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் இல்லாதது காகிதம்தான். பத்திரம் ஒழுங்காக இருந்தால் வங்கி கொடுத்திருக்கும்.

வரிசை இது. இறந்தவரின் இறப்புச் சான்று, அதை வைத்து தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கலாம். அப்புறம்தான் கஷ்டமான வேலை, பங்காளிகளோடு பேசுவது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் பங்கு உண்டு. வீட்டில் இருப்பவருக்கு மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் ஆகியவற்றுக்கு முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம்தான், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலை முதல் உள்ள வரம்பு.

எழுதிக் கொடுக்க மனமில்லை, ஆனால் வீடு விழுவதிலும் விருப்பமில்லை என்று சொல்லும் பங்காளிகள்தான் அதிகம். அப்படியானால் ரிப்பேர் செலவை யார் போடுகிறார், பிற்பாடு பாகம் பிரியும்போது அதை எப்படிக் கழிப்பது என்று ஒரு உடன்படிக்கை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ‘நம்ம அண்ணன்தானே’ என்று வாய்ப்பேச்சில் மூன்று லட்சம் போட்டுவிட்டு, பத்து வருடம் கழித்துக் கோர்ட்டில் ரசீது தேடுவது நம் ஊரில் புதிதல்ல.

ஒரு போர்ஷனை ஒத்திக்கு விட்டு அந்தப் பணத்தில் ரிப்பேர் செய்யலாமா?

தென்மாவட்டங்களில் ஒத்தி, சில ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ். வாடகை வாங்காமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கி, இரண்டு மூன்று வருடம் கழித்து அதே தொகையைத் திருப்பிக் கொடுப்பது. வங்கி கதவு திறக்காதவர்களுக்கு இது நடைமுறையில் இருக்கும் வழி. மாடி போர்ஷன் ஒன்று சும்மா கிடந்தால் முதலில் இதைத்தான் யோசிப்பேன்.

சிக்கல் முடிவில் வரும். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் இவருக்குப் பணம் கொடுக்க முடியும் என்ற நிலைக்குப் போனால் வீடு உங்களுடையது மாதிரியே இருக்காது. ஆகவே வாங்கிய தொகையில் பாதியை ரிப்பேருக்குப் போட்டு, பாதியை வைப்பில் வைக்க முடிகிற அளவுக்குத்தான் வேலையைத் திட்டமிடுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். குடியிருக்கத் தகுந்ததாக ஆன பிறகு மட்டுமே ஆளை விடுங்கள். சீலிங் விழுகிற போர்ஷனில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்து அந்தப் பணத்தில் உங்கள் போர்ஷனைச் சரிசெய்வது நியாயமில்லை.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. வருமானம் இல்லை, வீடு மட்டும்தான் இருக்கிறது.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று ஒன்று 2007 முதல் இருக்கிறது. அறுபது வயது தாண்டியவர்கள் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை வைத்து வங்கியிடமிருந்து மாதாமாதமோ மொத்தமாகவோ பணம் வாங்கலாம். அவர்கள் இருக்கும் வரை திருப்ப வேண்டாம். வீட்டைப் புதுப்பிக்கவும் அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம். காலத்துக்குப் பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்றுக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், வீட்டுக்கு இன்னும் இருபது வருட ஆயுள் இருக்க வேண்டும் என்று விதி. ரொம்பப் பழுதான வீடு அங்கேயே கழன்றுவிடும். எல்லா வங்கிக் கிளைகளும் ஆர்வம் காட்டுவதுமில்லை. பிள்ளைகளோடு பேசாமல் இதில் இறங்காதீர்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். நான் மட்டும் எப்படிச் செய்வது?

முடியாது, செய்யவும் கூடாது. தூணும் தளமும் எல்லோருக்கும் பொது. சங்கத்தின் மூலம்தான் போக வேண்டும். காசில்லாத இரண்டு வீட்டுக்காரர்களுக்காக மொத்தக் கட்டிடமும் காத்திருப்பதைவிட, சங்கம் அவர்கள் பங்கைத் தவணையாக வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் மலிவு. கட்டிடம் மிகப் பழையதென்றால், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்து மறுகட்டுமானம் செய்யலாம். மனை மதிப்பு உள்ள இடத்தில் கட்டுநர்கள் தங்கள் செலவில் கட்டித் தந்து கூடுதல் வீடுகளை எடுத்துக்கொள்வார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு என்றால் சிதிலமடைந்த திட்டப்பகுதிகளை வாரியமே படிப்படியாக இடித்துக் கட்டுகிறது. கோட்ட அலுவலகத்தில் உங்கள் பகுதி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.

இடித்துக் கட்டுவதா, விற்றுவிடுவதா?

ரிப்பேர் செலவு புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் நான் ரிப்பேர் வேண்டாம் என்பேன். இது சட்டமில்லை, என் அளவுகோல். அப்போது சின்னதாகக் கட்டுவதை யோசியுங்கள். தாத்தா கட்டிய 1,200 சதுர அடியை அப்படியே திரும்பக் கட்ட வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாலு பேருக்கு 450 சதுர அடி உறுதியான வீடு போதும். 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது.

மனை நீளமாக இருந்தால் பின்பக்கத்தை மட்டும் விற்று முன்பக்கத்தில் கட்டிய குடும்பங்கள் உண்டு. பாதை விடுவதையும் உட்பிரிவையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; பிரித்த துண்டுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் இரண்டு துண்டும் கெடும். முழுதாக விற்பதென்றால் வாங்குகிறவர் நிலத்துக்குத்தான் விலை போடுவார். அதனால் விற்பதற்கு முன் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

வேலையைக் கொடுக்கும்போது பணத்தை எப்படிப் பிரிப்பது?

பழுது வேலையில் கொத்தினால்தான் உள்ளே என்ன என்று தெரியும். அதனால் மொத்தத் தொகைக்குப் பேசாமல், பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலியைச் சதுர அடிக்கோ நாள் கணக்குக்கோ பேசுங்கள். அட்வான்ஸ் சிறியதாக இருக்கட்டும். மாடி வேலை என்றால் பத்தில் ஒரு பங்கையாவது முதல் பெருமழை வரை நிறுத்திவையுங்கள், இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

பழுதுக்காக வாங்கிய கடனின் வட்டிக்கு, குடியிருக்கும் வீடென்றால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வருமான வரியில் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரசீதுகளை வையுங்கள்.

எதுவும் முடியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போய்விடலாமா?

உயிருக்கு ஆபத்தான வீடென்றால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் பூட்டிய வீடு குடியிருக்கும் வீட்டைவிட வேகமாகக் கெடும். போகும் முன் மெயினை நிறுத்துங்கள், டேங்கைக் காலி செய்யுங்கள், மாடிக் குழாய் வாயைச் சுத்தம் செய்து கம்பி வலை வையுங்கள். தெருப்பக்கம் தொங்கும் சன்ஷேடை இடித்துவிடுங்கள். அது யார் தலையிலாவது விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. வீட்டு வரியை நிறுத்தாமல் கட்டுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஐப்பசி தொடங்கும் முன்பும் கார்த்திகையிலும் ஒரு முறை போய் மாடியைப் பெருக்கிவிட்டு வாருங்கள்.